ஆசி பெற்றவர் யார்?



"ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம்" என்று நாம் யாரைச் சொல்லுகிறோம்? மகன் கட்டாரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மகள் ஆசிரியையாகி விட்டாள். லயத்தை விட்டு வெளியேறி, டவுனுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடும் கட்டியாயிற்று. இத்தகைய வீட்டைப் பார்க்கும்போதுதான் அந்தச் சொல் நம் வாயில் வருகிறது. நன்மையைக் கண்டு இறைவனை நினைப்பது நல்லதே. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்தை நாம் என்னவென்று அழைப்பது? அவர்கள் ஆசி பெறாதவர்களா?

இது வெறும் பேச்சுக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. தோட்டங்களில் இக்காலத்தில் மாலை வேளைகளில் ஒலிபெருக்கி கட்டிப் போதிப்போர் சிலர், "உங்கள் வறுமை ஒரு சாபம்; பாட்டன் பூட்டன் காலத்துச் சாபக்கட்டு; காணிக்கை வைத்து மன்றாடினால் கட்டு அவிழும்" என்கின்றனர். அவர்களோடு வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பூசைக்குத் தவறாமல் வரும் நம்மவரே அதை உள்ளூர நம்புகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. நாள் முழுதும் மலையில் நின்று உழைத்துவிட்டு, "நாங்கள் ஆசீர்வாதம் இல்லாத சனங்கள், சுவாமி" என்று ஒரு தாய் சொல்வாளானால், அவளுக்கு நாம் மறைநூலிலிருந்து என்ன மறுமொழி சொல்வோம்?

சொல்லின் பொருள்

ஆசி என்பதற்கு எபிரேய மொழியில் உள்ள சொல் 'பாராக்'. முழந்தாளைக் குறிக்கும் சொல்லும் அதே எழுத்துகளால் ஆனது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அது "நல்லதைச் சொல்லுதல்" என்னும் பொருளில் வழங்குகிறது. நாம் சொல்லும் நல்ல சொல் சில வேளை காற்றோடு போய்விடும். இறைவன் சொல்லும் நல்ல சொல்லோ சொன்னதைச் செய்து முடிக்கும். விவிலியத்தின் முதல் ஏட்டிலேயே அவர் ஆசி கூறுகிறார். யாருக்கு முதலில் என்று பார்த்திருக்கிறீர்களா? மனிதனுக்கு அல்ல, மீன்களுக்கும் பறவைகளுக்குமே! (தொ.நூ. 1:22). அதன் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் (1:28). பலுகுங்கள், பெருகுங்கள், நிறையுங்கள் என்பதே அந்த முதல் ஆசியின் பொருள்.

இதற்கு நம் தோட்டத்துத் தமிழில் நல்லதொரு சொல் இருக்கிறது. கொழுந்தெடுக்க நிரை பிடித்து நின்றதும், முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்லும் வழக்கத்தை நம் மூத்த தாய்மார் அறிவார்கள். பொலிதல் என்றால் செழித்தல், பெருகுதல். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளின் நெற்களங்களிலிருந்து நம் முன்னோர் இச்சொல்லைக் கூடவே எடுத்து வந்தார்கள். அங்கே களத்தில் குவிந்த நெல்லுக்குப் பொலி என்றே பெயர். நெல்லை அளக்கும்போதும் முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று எண்ணித் தொடங்குவார்கள். எண்ணிக்கைக்கு முன்னே ஆசி வந்து நிற்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நெற்களத்தில் பொலி கூறியவனுக்கு அக்குவியலில் சிறிதேனும் பங்கு இருந்தது. மலையில் பொலி கூறும் பெண்ணுக்கோ செடியும் சொந்தமில்லை, கொழுந்தும் சொந்தமில்லை. கூடை நிறைந்தால் அது மடுவத்துக்கும், அங்கிருந்து பெக்டரிக்கும் போகிறது. ஆயினும் அவள் பொலி கூறுகிறாள். பிறருடைய செடிக்கு நன்மை விரும்பி, தன் வாயால் ஆசி தருகிறாள். ஆசி கூறுவதற்கு உடைமை தேவையில்லை என்பதை நம் பாட்டிமார் எந்த மறைக்கல்வி வகுப்பிலும் கற்கவில்லை.

பெத்லகேம் வயலில்

ரூத்து நூலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இன்று மாலை வீட்டில் யாராவது உரக்க வாசிக்கட்டும். அது தோட்டத்து மக்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். வாற்கோதுமை அறுவடைக் காலம். நிலத்துக்குச் சொந்தக்காரரான போவாசு வயலுக்கு வருகிறார். வந்தவர் முதலில் வேலைக் கணக்கைக் கேட்கவில்லை. ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்னும் கருத்தில் அறுவடைக்காரரை வாழ்த்துகிறார். அவர்கள் ஆண்டவரின் ஆசி அவருக்குக் கிடைக்கட்டும் என்று மறுமொழி கூறுகிறார்கள் (2:4). முதலாளியும் கூலியாட்களும் ஒருவருக்கொருவர் ஆசி வழங்கி ஒரு வேலை நாள் தொடங்குகிறது. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் நாம் கேட்டுப் பழகிய சொற்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவ்வயலில் சிந்திய கதிர் பொறுக்க வந்த ரூத்து மோவாபு நாட்டுப் பெண், கைம்பெண், அகதி என்றே சொல்லலாம். மோவாபியர் ஆண்டவரின் சபையில் சேரலாகாது, பத்தாம் தலைமுறையிலும் சேரலாகாது என்று சட்டம் இருந்தது (இ.ச. 23:3). தலைமுறை தலைமுறையாய்க் குடியுரிமை இல்லாதிருந்த மக்களுக்கு இச்சட்டத்தின் பாரம் எளிதில் விளங்கும். போவாசு அவளுக்கு ஆசி கூறினார். ஆனால் ஆசி கூறியதோடு விட்டுவிடவில்லை. வேலைக்காரர் எவரும் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கட்டளையிட்டார். தாகமெடுத்தால் குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டினார். உணவு வேளையில் தம்மோடு அமரச் செய்தார். அவள் பொறுக்குவதற்கென்றே கதிர்களை உருவிப் போட்டுவிடும்படி ஆட்களிடம் சொன்னார். மாலையில் அவள் தட்டிப் புடைத்து அளந்தபோது ஏறத்தாழ ஒரு ஏப்பா வாற்கோதுமை இருந்தது. இன்றைய அளவில் சுமார் 22 லீற்றர். போவாசின் ஆசியை அளக்க முடிந்தது!

ஊவாவில் வாழ்பவர்களுக்கு இந்த அளவையின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கிறது. அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகமே விலைகொடுத்து வாங்கும் மணம் ஏறுகிறது. வாங்குபவனுக்கு அது ஆசீர்வாதமான பருவம். ஆனால் செடி வாடிக் கொழுந்து குறையும் பருவமும் அதுவே. தராசில் நிறை குறைந்தால் முழுப் பேர் கிடையாது, அரைப் பேர்தான். ஒரே காற்று ஒருவருக்கு ஆசியாகவும் மற்றொருவருக்கு அரைக் கூலியாகவும் வீசுகிறது. இதை இறைவனுடைய திட்டம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தராசையும் கணக்கையும் அமைத்தவர்கள் மனிதர்கள்.

மறைநூல் இக்காரியத்தில் மிகவும் கண்டிப்பாகப் பேசுகிறது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவன் ஆண்டவரை நோக்கிக் கூப்பிடுவான், அது உன்மேல் பாவமாகும் என்று இணைச்சட்டம் எச்சரிக்கிறது (24:14-15). அதே அதிகாரத்தில், ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையை இரவுக்குமுன் திருப்பிக் கொடுத்தால் அவன் உனக்கு ஆசி கூறுவான் என்றும் சொல்லப்படுகிறது (24:13). செல்வனுக்கு ஆசி எங்கிருந்து வருகிறது? போர்வையைப் பெற்றுக்கொண்ட ஏழையின் வாயிலிருந்து! அநீதி செய்கிறவர்களுடைய வயலோரம் போகிறவர்கள் ஆசி கூறாமலே கடந்து போவார்கள் என்று திருப்பாடல் 129 முடிகிறது. ஆகவே ஏழையின் வாழ்த்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

பேர் போடுதல்

'பேர்' என்றோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்பது வழக்கு. செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. இச்சொல் நம் மக்களுடைய வரலாறு முழுவதிலும் வருகிறது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனோம். 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறுநாட்டுக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ! நாடற்ற நிலையை முழுமையாகத் தீர்க்க 2003 இல் வந்த சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை காலமும் 'பேர்' என்றால் தலை எண்ணிக்கை, பெயர் அல்ல.

இப்பொழுது எண்ணிக்கை நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்நூலும் தலை எண்ணிக்கையோடுதான் தொடங்குகிறது. ஆனால் நடுவே ஆரோனுக்கும் அவர் புதல்வருக்கும் மக்களுக்கு ஆசி கூறும் முறையை இறைவன் கற்பிக்கிறார்: காத்தல், முகமலர்ந்து நோக்குதல், அமைதி அருளுதல். முடிவில், இவ்வாறு குருக்கள் என் பெயரை மக்கள்மேல் வைப்பார்கள், ஆசி தருபவர் நானே என்கிறார் (6:22-27). ஆசி என்பது அதுதான். இறைவன் தம் பெயரை ஒரு மனிதர்மேல் வைக்கிறார். அங்கே அரைப் பேர் இல்லை. மழை நாளுக்கும் உண்டு, நோய் நாளுக்கும் உண்டு. திருமுழுக்கு நாளில் தந்தை, மகன், தூய ஆவியின் பெயர் நம்மேல் வைக்கப்பட்டது. அதை எந்தக் கணக்கப்பிள்ளையும் வெட்ட முடியாது.

"அப்படியானால் ஆபிரகாம்? அவர் ஆசி பெற்றுச் செல்வந்தரானார் அல்லவா?" என்று வாசகர் கேட்கலாம். மந்தைகள் இருந்தன, உண்மையே. ஆனால் சொந்த ஊரை விட்டு நடக்கும்படி அழைக்கப்பட்டபோது, அவருக்கு ஆசி மட்டும் வாக்களிக்கப்படவில்லை, அவரே பிறருக்கு ஆசியாக விளங்க வேண்டும் என்றும், மண்ணுலகின் மக்களினங்கள் யாவும் அவர் வழியாக ஆசி பெறும் என்றும் சொல்லப்பட்டது (தொ.நூ. 12:1-3). வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவர் முதன்முதலாகத் தமக்கென வாங்கிய நிலம் எது தெரியுமா? மனைவி சாராவை அடக்கம் செய்ய, 400 வெள்ளிக் காசுக்கு ஒரு குகையும் அதைச் சேர்ந்த வயலும் (23:16-20). அதையும், நான் உங்களிடையே அன்னியன் என்று அவ்வூராரிடம் பணிந்து கேட்டுத்தான் வாங்கினார். விசுவாசிகளின் தந்தை என்று நாம் போற்றுகிறவருக்கு உறுதிப் பத்திரத்தோடு சொந்தமானது ஒரு கல்லறை நிலம்! 2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தவர்கள் இந்த அதிகாரங்களை வாசித்துப் பார்க்கலாம்.

சாபக்கட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்டார், இல்லை என்று தாமே பதிலும் சொன்னார் (லூக். 13:4-5). 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்ணுக்குள் போனவர்கள் நம் உறவினர். அவர்களைச் சாபத்துக்குள்ளானவர்கள் என்று சொல்லும் நாக்கு கூசவேண்டும். அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. குடியிருப்பை மாற்றாதது மனிதர் குற்றம். சாபம் என்று ஒன்று இருந்தாலும் அதைக் கிறிஸ்து சிலுவையில் தம்மேல் ஏற்று, ஆபிரகாமின் ஆசி எல்லா இனத்தாருக்கும் கிடைக்கச் செய்தார் என்று புனித பவுல் எழுதுகிறார் (கலா. 3:13-14). அவர் அவிழ்த்த கட்டை அவிழ்க்க இன்னொரு காணிக்கை எதற்கு?

ஊமையான குருவும் வாழ்த்திய மூதாட்டியும்

லூக்கா நற்செய்தியின் தொடக்கத்தில் வேடிக்கையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. செக்கரியா என்னும் குரு தூபம் காட்டக் கோவிலுக்குள் போகிறார். வெளியே மக்கள் காத்து நிற்கிறார்கள். தூபப் பலிக்குப்பின் குரு வெளியே வந்து ஆரோனின் ஆசியைக் கூறுவது வழக்கம். செக்கரியா வந்தார், ஆனால் பேச முடியவில்லை! கையால் சைகை காட்டுகிறார். மக்கள் ஆசி இன்றி வீடு திரும்பினார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே குருவின் வீட்டில் ஆசி ஒலிக்கிறது. ஒலித்தது குருவின் வாயிலிருந்து அன்று. அவருடைய வயதான மனைவியின் வாயிலிருந்து. மலைநாட்டு வழியே நடந்து வந்த இளம்பெண் மரியாவைக் கண்டதும், தூய ஆவியால் நிரப்பப்பட்ட எலிசபெத்து உரத்த குரலில் அவரை ஆசி பெற்றவர் என்றும், நம்பியதால் பேறுபெற்றவர் என்றும் போற்றுகிறார் (லூக். 1:42-45). செபமாலை சொல்லும்போதெல்லாம் அந்த மூதாட்டியின் வாழ்த்தையே நாம் ஐம்பது தடவை திருப்பிச் சொல்லுகிறோம்.

இங்கே இரண்டு சொற்கள் வருவதைக் கவனியுங்கள். ஆசி என்பது ஒருவர் மற்றவர்மேல் கூறும் சொல். பேறு என்பது அதைப் பெற்றவர் நிற்கும் நிலை. பிள்ளைப்பேறு என்று நாம் வழங்கும் சொல்லும் இதுவே. ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னது இந்தப் பேற்றைத்தான். ஏழைகளே பேறுபெற்றவர்கள் என்றார் அவர். ஏழ்மை நல்லது என்று சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! இறையாட்சி உங்களுடையது, இறைவன் உங்கள் பக்கம் நிற்கிறார், ஆகையால் நீங்கள் பேறுபெற்றவர்கள் என்பதே பொருள். லூக்கா அதை அடுத்துச் செல்வருக்கு ஐயோ கேடு என்பதையும் எழுதி வைத்திருக்கிறார் (6:20-24). "ஏழையாயிரு, பொறுத்திரு, மோட்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இவ்வசனத்தைத் தாலாட்டாகப் பாடியவர்கள் அடுத்த வசனங்களை வாசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

நம் தோட்டக் கோவில்களில் மாதத்துக்கு ஒரு முறைதான் பூசை என்னும் நிலை பல இடங்களில் உண்டு. மற்ற நாட்களில் ஆசி கூற ஆளில்லை என்று எண்ணுகிறோம். திருச்சபை அப்படி எண்ணவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, சில அருட்கருவிகளைத் தகுதியுள்ள பொதுநிலையினரும் நிறைவேற்ற வழி திறந்தது. 1984 இல் வெளிவந்த ஆசியுரைகள் நூல், அவற்றுள் எவற்றைப் பொதுநிலையினர் நடத்தலாம் என்று விளக்குகிறது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசியாக விளங்கவும் ஆசி கூறவும் அழைக்கப்பட்டிருக்கிறார் என்று 1992 ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு (எண் 1669) கற்பிக்கிறது. பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆசி கூறலாம். நோயாளிக்காக, உணவுக்காக, பயணம் போகிறவருக்காக மன்றாடி ஆசி வேண்டலாம். குரு கைகளை விரித்து ஆசி கூறுகிறார். பொதுநிலையினர் கைகுவித்தபடி கூறுவர். பெற்றோர் தம் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவது அந்நூலே காட்டும் முறை.

மந்திரித்த தண்ணீர்

பழைய கிறிஸ்தவத் தமிழில் ஆசீர்வதித்தலுக்கு 'மந்திரித்தல்' என்ற சொல்லே வழங்கிற்று. "செபமாலையை மந்திரித்துத் தாருங்கள் சுவாமி" என்று இன்றும் கேட்கிறோம். சொல்லில் குற்றமில்லை, ஆனால் மந்திரக்காரனிடம் போகும் மனத்தோடு கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்தப் போத்தலைக் கதவு நிலைமேல் வைத்துவிட்டு, அதன் கீழே கணவன் மனைவியை அடித்தால் அத்தண்ணீர் என்ன செய்யும்? தீர்த்தம் நமக்குத் திருமுழுக்கை நினைவூட்டுகிறது. பொருளுக்குக் கூறப்படும் ஆசி, அப்பொருளைப் பயன்படுத்தும் மனிதருக்காகவே. ஆண்டவர் அப்பத்தைக் கையிலெடுத்து ஆசி கூறினார் என்று வாசிக்கிறோமே; யூத வழக்கப்படி அது முதலில் தந்தையாகிய இறைவனைப் போற்றி நன்றி கூறும் சொல். நம் பிள்ளைகள் குருவைக் கண்டதும் "தோத்திரம் சுவாமி" என்கிறார்கள். தோத்திரம் என்றால் துதி. இறைவனைத் துதிப்பதும் ஒருவரையொருவர் வாழ்த்துவதும் ஒரே சொல்லில் அமைவது விவிலிய மொழிக்கும் நமக்கும் பொதுவான செல்வம்.

ஆசி கூறுவது போக, ஆசியாகவே வாழ்ந்தவர்களையும் இம்மாகாணம் கண்டது. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972 இல் ஊவாவுக்கெனப் பதுளை மறைமாவட்டம் உண்டானபோது அதன் முதல் ஆயராகி, 1982 இல் இறக்கும்வரை இங்கே பணிபுரிந்தார். சிங்களவரான அவர் தோட்டத்துத் தமிழரின் துயரைத் தம் துயராக எண்ணியவர். அவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி என்பது பொருத்தமாகவே இருக்கிறது. பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவண இல்லத்தில் பணியாற்றிய வண. பிதா மைக்கல் ரொட்றிகோ அ.ம.தி., 1980 இல் புத்தலைக்குப் போய், சிங்கள பௌத்த விவசாயிகள் நடுவே ஒரு சிறு குடிலில் குடியேறினார். எவரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. மருந்து மூலிகையும் கல்வியும் நட்புமே அவர் கொண்டுபோனவை. 1987 நவம்பர் 10 மாலை, திருப்பலி முடியும் நேரத்தில், அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபத்து வருவதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் அம்மக்களை விட்டுப் போகவில்லை.

கட்டாருக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை, விடியற்காலைப் பஸ்ஸுக்குப் பையைத் தூக்குமுன் தாயின் முன்னே சற்று நிற்கட்டும். தாய் தன் பெருவிரலால் அதன் நெற்றியில் சிலுவை வரைந்து, தன் சொந்தச் சொற்களால் ஆசி கூறட்டும். நீண்ட செபம் வேண்டியதில்லை. கொழுந்துக் கறை படிந்த விரலானாலும் கழுவிவிட்டுத்தான் வரையவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.